பன்வில தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



சாதாரண தரப் பெறுபேறு வெளியாகி இரண்டு மூன்று வாரங்களுக்குள் பன்வில, ஹுலுகங்கை, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. யாரும் கூட்டம் போட்டு எடுப்பதில்லை. விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் ஏ சித்தி பெற்ற பிள்ளை, போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் பாடசாலையில் எந்தப் பிரிவு உண்டோ அதில் சேர்ந்துவிடுகிறது. அது பெரும்பாலும் கலைப் பிரிவு. பிள்ளைக்கு அதில் விருப்பமா என்று கேட்க நேரமிருப்பதில்லை. வேறு வழி உண்டா என்று விசாரிக்க வீட்டில் ஆளும் இருப்பதில்லை. இந்த மடல் அந்த இரண்டு மூன்று வாரங்களைப் பற்றியது. அந்த நாட்களில் அந்தப் பிள்ளைக்கு வழி சொல்லக்கூடியவர்கள் உங்களை விட்டால் வேறு யாரும் இல்லை. அதனால்தான் கல்வி அமைச்சுக்கோ அரசியல்வாதிகளுக்கோ எழுதாமல் நேராக உங்களுக்கு எழுதுகிறேன்.

நானும் இந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் பதினோராம் தரம்வரை படித்தவள். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. இன்று எரிபொருட்கலங்களுக்கான ஊக்கிகளை ஆராய்வது என் தொழில். பதினோராம் தரத்தில் சில பாடவேளைகளில் நீங்கள் நடத்தி முடிக்கும் மின்னிரசாயனவியல் அலகுதான் எனக்குச் சோறு போடுகிறது. உயர்தரத்துக்கு விஞ்ஞானம் எடுக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, என் நன்மையை நினைத்த ஒருவரே, "அதெல்லாம் டவுன் பிள்ளைகளுக்குச் சரிவரும். ஒனக்கு எதுக்கும்மா இந்த வில்லங்கம்? ஆர்ட்ஸ் எடுத்தா கம்பஸ் போயிரலாம்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பேச்சின்மேல் கோபம் உண்டு. இத்தனை வருடம் கழித்தும் அதே பேச்சை, அதே அக்கறையோடு, என் அக்கா பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் சொல்லக் கேட்கிறேன்.

நீங்கள் ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். இந்தத் தொழில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் யாரும் காட்டவில்லை. பல்கலைக்கழகம் போனால் ஆசிரியர் நியமனம், கிராம அலுவலர், வங்கி என்று நீங்கள் கண்ணால் கண்ட வழிகளைச் சொல்கிறீர்கள். காணாத வழியைப் பிள்ளைக்குச் சொல்ல முடியாதுதானே. ஆகவே முதலில் நான் செய்யும் வேலையை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஐதரசனையும் ஒட்சிசனையும் எரிக்காமல் சேர்த்து மின்சாரம் எடுக்கும் கருவிதான் எரிபொருட்கலம். அனோட்டில் ஐதரசன் புரோத்தனாகவும் இலத்திரனாகவும் பிரிகிறது. இலத்திரன் வெளிக்கம்பி வழியாகப் போய் மின்குமிழை எரிய வைக்கிறது. புரோத்தன் நடுவிலுள்ள மென்சவ்வைக் கடந்து கதோட்டுக்குப் போகிறது. அங்கே ஒட்சிசனோடு எல்லாம் சேர்ந்து தண்ணீராகிறது. புகை கிடையாது. வில்லியம் குரோவ் என்ற வேல்ஸ் நாட்டவர் 1839 அளவிலேயே இதைச் செய்து காட்டிவிட்டார். 1965இல் ஜெமினி விண்கலத்தில் இது பறந்தது. அப்போலோ பயணங்களில் விண்வெளி வீரர்கள் குடித்ததே எரிபொருட்கலத்தில் உண்டான தண்ணீர்தான்.

அப்படியானால் ஏன் இன்னும் நம் வீடுகளுக்கு இது வரவில்லை? சிக்கல் ஒட்சிசன் பக்கத்தில் இருக்கிறது. ஒட்சிசன் மூலக்கூற்றின் இரு அணுக்களும் இறுகப் பிணைந்தவை. அவற்றைப் பிரித்து நான்கு இலத்திரன்களை ஏற்கச் செய்வது மிக மெதுவாக நடக்கும் தாக்கம். கணக்குப்படி ஒரு கலம் 1.23 வோல்ற்று தர வேண்டும். மின்னோட்டம் எடுக்கத் தொடங்கினால் 0.7 வோல்ற்று அளவுக்கு இறங்கிவிடும். இந்த இழப்பில் பெரும்பங்கு கதோட்டில்தான் போகிறது. அந்தத் தாக்கத்தை விரைவுபடுத்த இதுவரை கிடைத்திருக்கும் நல்ல ஊக்கி பிளாற்றினம். அதன் விலை உங்களுக்குத் தெரியும். பிளாற்றினத்தை எவ்வளவு குறைக்கலாம், அது இல்லாமலே செய்ய முடியுமா என்ற கேள்விக்குத்தான் என்னைப் போன்றவர்கள் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறோம்.

வேலை நடக்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஐந்து மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு காபன் தட்டு. நனைத்த துணியில் மிக நுண்ணிய அலுமினாத் தூளைப் போட்டு, அந்தத் தட்டை எட்டு எழுதுவதுபோலத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக்க வேண்டும். ஊக்கியை மதுசாரத்திலும் நீரிலும் கலக்கி மைபோல ஆக்கி, அதில் பத்து மைக்ரோலீற்றர் எடுத்து அந்தத் தட்டில் ஒரே துளியாக விட வேண்டும். காயும்போது மை விளிம்புக்கு ஒதுங்கி வளையமாகப் படிந்தால் அன்றைய வேலை வீண். துடைத்துவிட்டு மறுபடியும் தேய்க்க வேண்டும். சரியாகப் படிந்தால் அதை அமிலத்துக்குள் இறக்கி, ஒட்சிசனைக் குமிழவிட்டு, நிமிடத்துக்கு 1600 தடவை சுழலவிட்டு, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து மின்னோட்டத்தை அளக்கிறோம். முதல்நாளே கண்ணாடிப் பாத்திரங்களை அமிலத்தில் ஊறப்போட்டு, தூய நீரில் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்திருக்க வேண்டும். கைபட்ட உப்பிலிருந்து துளி குளோரைட்டு உள்ளே போனாலும் அது பிளாற்றினத்தின்மேல் ஒட்டிக்கொண்டு அளவீட்டைக் கெடுத்துவிடும். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், கைச் சுத்தம் வேண்டும், பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் நேர்மை வேண்டும். இம்மூன்றும் டவுனில் மட்டும் விளைவன அல்ல. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய் நாள் முழுதும் பிசகாமல் எடுக்கும் கைகளின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்.

இன்னொன்று சொல்கிறேன். இதை நீங்கள் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். தோட்டத்துத் தொழிற்சாலையில், ரோலரிலிருந்து வந்த இலையைப் பரப்பி வைத்தால் பச்சை மாறிச் செம்புநிறம் ஏறுகிறதல்லவா? அதைப் புளிக்க வைப்பது என்று சொல்கிறோம். உண்மையில் அங்கே நடப்பது ஒட்சியேற்றம். இலை நசுங்கியதும் பொலிபீனோல் ஒட்சிடேஸ் என்ற நொதியம், இலையிலுள்ள கற்றெக்கின் சேர்வைகளிலிருந்து இலத்திரன்களை எடுத்துக் காற்றிலுள்ள ஒட்சிசனுக்குக் கொடுக்கிறது. ஒட்சிசன் தண்ணீராகிறது. எரிபொருட்கலத்தின் கதோட்டில் நான் பிளாற்றினம் கொண்டு செய்விக்கும் அதே மாற்றத்தை, தேயிலை தன் நொதியத்திலுள்ள செப்பு அணுக்களைக் கொண்டு பிளாற்றினமே இல்லாமல் செய்து முடிக்கிறது. என் அப்பா மணத்தையும் நிறத்தையும் வைத்தே "இப்ப போதும், டிரையருக்கு எடு" என்று சொல்வார். அவருக்குத் தெரியாமலே அவர் வேலை ஒட்சிசன் தாழ்த்தலின் வேகத்தை மதிப்பிடுவதாக இருந்தது.

இதைக் கதையழகுக்காகச் சொல்லவில்லை. இன்னொரு செப்பு நொதியமான லக்கேஸை மின்வாயில் பதித்து எரிபொருட்கலம் செய்யும் ஆய்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன. 1964இல் ரேமண்ட் ஜசின்ஸ்கி என்பவர் கோபாற்று தலோசயனின் என்ற சேர்வை ஒட்சிசனைத் தாழ்த்தும் என்று காட்டினார். நான்கு நைதரசன் அணுக்கள் சூழ நடுவில் ஓர் உலோக அணு இருக்கும் அமைப்பு அது. நம் இரத்தத்து ஹீமோகுளோபினில் இரும்பு உட்கார்ந்திருப்பதும் ஏறத்தாழ அப்படித்தான். அங்கிருந்து தொடங்கிய வழியில், இரும்பும் நைதரசனும் காபனும் கொண்ட மலிவான ஊக்கிகளை இன்று உலகெங்கும் தேடுகிறார்கள். தேயிலைக் கழிவைக் கரியாக்கி ஊக்கியாகச் சோதித்தவர்களும் உண்டு. காபன் என்றால் இலங்கைக்கு அது புதிதும் அல்ல. போகல, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து வரும் காரீயத்தின் தூய்மை உலகறிந்தது. தேயிலையும் காரீயமும் இருக்கும் நாட்டில், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை இந்தத் துறைக்கு அந்நியர் என்று எந்த நியாயத்தில் சொல்வது?

இந்தத் துறையின் முன்வரிசையில் இலங்கையில் படித்த தமிழர் ஒருவரின் பெயர் இருக்கிறது. அவரைப் பற்றி நம் பாடசாலைகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சுப்பிரமணியம் ஸ்ரீநிவாசன். 1950களில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஜோன் பொக்ரிஸிடம் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். மின்னிரசாயனத்தில் பொக்ரிஸ் அன்றைய பெரிய பெயர்களில் ஒன்று. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து 1969இல் எரிபொருட்கலங்களின் மின்னிரசாயனம் பற்றிய நூலை வெளியிட்டார்கள். அந்தத் துறையில் பின்னால் வந்தவர்கள் அதைப் படித்தே வந்தார்கள்.

அவருடைய தொழில்வாழ்க்கை நேர்கோட்டில் போகவில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இடையில் நியூயோர்க்கில் ஒரு மருத்துவக் கல்லூரியில் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரோடு சேர்ந்து, இரத்தக்குழாயின் உட்சுவரிலுள்ள மின்னேற்றத்துக்கும் இரத்தம் உறைவதற்கும் என்ன தொடர்பு என்று ஆராய்ந்தார். மின்வாயைப் பற்றிய அறிவு இதயநோய்க்கும் உதவும் என்று அந்த வேலை காட்டியது. பிறகு புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடம், லொஸ் அலமோஸ், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், பிரின்ஸ்டன் என்று இடம் மாறினார். லொஸ் அலமோஸில் செய்த வேலைதான் அவர் பெயரை நிலைக்க வைத்தது. அதுவரை மென்சவ்வு எரிபொருட்கலத்தின் மின்வாயில் ஒரு சதுர சென்றிமீற்றருக்கு 4 மில்லிகிராம் அளவுக்குப் பிளாற்றினம் பூசினார்கள். அதில் பெரும்பகுதி புரோத்தன் போய்ச்சேராத இடத்தில் வீணே கிடந்தது. காபன் துகள்கள்மேல் நுண்ணிய பிளாற்றினத் துணிக்கைகளை ஏற்றி, மென்சவ்வு செய்யும் அதே நஃபியன் பொருளைக் கரைசலாக்கி அந்தப் படைக்குள் ஊடுருவவிட்டால் புரோத்தனுக்கு உள்ளே வழி கிடைக்கும் என்று அந்த ஆய்வுகூடத்தில் கண்டார்கள். பிளாற்றினம் 0.4 மில்லிகிராம் அளவுக்கு, அதாவது பத்திலொன்றாகக் குறைந்தது. கலத்தின் திறன் பெரிதாகக் குறையவில்லை. 1988இல் பிரேசில் நாட்டு டிசியானெல்லி முதலிய சகாக்களோடு ஸ்ரீநிவாசன் வெளியிட்ட கட்டுரையை இந்தத் துறையில் படிக்காதவர் இல்லை. இன்று தெருவில் ஓடும் ஐதரசன் கார்களின் மின்வாய்கள் அந்த வழியில் வந்தவை.

அவர் மறைந்த பிறகு 2006இல் அவருடைய பெரிய பாடநூல் வெளிவந்தது. அமெரிக்காவை மையமாகக் கொண்ட மின்னிரசாயனச் சங்கம் இளம் ஆய்வாளர் விருதொன்றை அவர் பெயரில் வழங்குகிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்து வரும் இளைஞரும் அந்த விருதைப் பெறும்போது ஒரு தமிழ்ப் பெயரைச் சொல்லித்தான் பெறுகிறார். பன்விலவில் ஒரு பிள்ளைக்கும் அந்தப் பெயர் தெரியாது என்றால் அந்தக் குறையை நீங்கள் ஒரு பாடவேளையில் தீர்த்துவிடலாம்.

மின்னிரசாயனத்தில் இன்னொரு தமிழரும் உண்டு. தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிறு கிராமத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம் இன்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் லிதியம் மின்கல ஆய்வில் முன்னணியில் இருக்கிறார். 2019இல் நோபல் பரிசு பெற்ற ஜோன் குடினஃபின் சார்பில் ஸ்டொக்ஹோமில் விரிவுரை நிகழ்த்தியவர் அவரே. அதே தமிழ்நாட்டில், காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இன்றும் இயங்குகிறது. நம் முன்னோரில் பலர் அந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்துதான் கப்பலேறி, மன்னாரில் இறங்கி, காடு கடந்து நடந்து இந்த மலைக்கு வந்தார்கள். அவர்கள் விட்டுவந்த பக்கத்தில் ஒரு செல்வர் தன் சொத்தைக் கொடுத்து மின்னிரசாயனத்துக்கு வீடு கட்டினார். வந்துசேர்ந்த மலையில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஒரு ஆய்வுகூட மேசை இல்லை.

இனி என் மனக்குறையைச் சொல்கிறேன். 1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒரு தலைமுறை பின்தங்கித் தொடங்கிய ஓட்டம் இது. இன்றும் உயர்தர விஞ்ஞானம் நடத்த அனுமதியுள்ள 1ஏபி பாடசாலைகள் தோட்டப்புறத்தில் மிகக் குறைவு. பல பாடசாலைகள் சாதாரண தரத்தோடு முடிகின்றன, சில ஐந்தாம் தரத்தோடு. பல்கலைக்கழக அனுமதியோ 40 வீதம் நாடளாவிய திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் நுவரெலியா உண்டு, பதுளை உண்டு, கண்டி இல்லை. நக்கிள்ஸ் அடிவாரத்து லயத்திலிருந்து வரும் பிள்ளையும், கண்டி நகரத்துப் பெரிய கல்லூரியில் முதலாந் தரத்திலிருந்து படித்த பிள்ளையும் ஒரே மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் அநியாயங்களில் இதைப்போல ஓசையில்லாமல் நடப்பது வேறொன்றில்லை.

இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் நீங்கள் பிள்ளையைக் கலைப் பிரிவுக்கு அனுப்புகிறீர்கள் என்பதையும் அறிவேன். விஞ்ஞானத்தில் மூன்று பாடமும் கவிழ்ந்தால் பிள்ளை வீட்டோடு நின்றுவிடும், கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போய்விடும், பெண்பிள்ளையானால் அத்தோடு முடிந்தது என்று நீங்கள் பயப்படுவது பொய்ப் பயமல்ல. அப்படி நின்றுபோன பிள்ளைகளை நானும் அறிவேன். கலைப் பிரிவைத் தாழ்வாகவும் நான் நினைக்கவில்லை. விரும்பி அதைப் படிக்கும் பிள்ளை நன்றாக வரட்டும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். விஞ்ஞானம் படித்த பிள்ளை பின்னால் கணக்கியலுக்கோ சட்டத்துக்கோ முகாமைத்துவத்துக்கோ போக வழியிருக்கிறது. பதினாறு வயதில் கலைப் பிரிவுக்குப் போன பிள்ளை இரசாயனத்துக்குத் திரும்பிவர வழியில்லை. திறக்க முடியாதபடி மூடும் கதவை, பக்கத்தில் இருக்கும் பாடசாலை இதுதான் என்ற ஒரே காரணத்துக்காக மூடிவிடலாமா?

பணத்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான். அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. தகுதியுள்ள மாணவருக்கு மகாபொல உதவிப்பணம் உண்டு. பேராதனையில் இரசாயனவியல் சிறப்புப் பட்டம் நான்கு வருடம். அதற்குமேல் ஆராய்ச்சிக்குப் போக இலட்சக்கணக்கில் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இரசாயனவியல் கலாநிதி மாணவர் கட்டணம் செலுத்துவதில்லை. கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை செய்ய, பல்கலைக்கழகமே கட்டணத்தை ஏற்று, வாழ்க்கைச் செலவுக்கு மாதப்பணமும் கொடுக்கிறது. நான் மாணவியாக இருந்தபோதே வீட்டுக்குப் பணம் அனுப்பினேன். ஐந்து ஆறு வருடம் ஆகும், உண்மை. அதன்பின்னும் விரிவுரையாளர் பதவி உடனே கிடைத்துவிடாது. ஓரிரு இடங்களில் ஆய்வாளராக இருந்து, கட்டுரை எழுதி, நிதிக்கு விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, மறுபடியும் விண்ணப்பித்துத்தான் நிலைக்க வேண்டும். எல்லாருக்கும் அது வாய்ப்பதும் இல்லை. வாய்க்காதவர்களும் தெருவில் நிற்பதில்லை. மின்கலம், உலோக அரிப்பு, மின்முலாம், நீர் சுத்திகரிப்பு, மருத்துவ உணரிகள் என்று மின்னிரசாயனம் தெரிந்தவருக்கு வேலை உள்ள இடங்கள் பல.

வெளிநாடு போகாமலும் தொடங்கலாம். அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவகம் ஹந்தானையில், கண்டி நகரத்துக்கு மேலே இருக்கிறது. சூரியக்கலம், மின்கலம் போன்றவற்றில் அங்கே ஆய்வு நடக்கிறது. பேராதனையில் பட்டப்பின் விஞ்ஞானக் கல்வி நிறுவகம் இருக்கிறது. பன்விலவிலிருந்து வத்துகாமம் வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் அன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். அப்படியிருந்தும் அந்த வாசல்களை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்டிருக்கிறார்கள்? தலதா மாளிகைக்கும் பேராதனைப் பூங்காவுக்கும் சுற்றுலா கூட்டிப்போகிறீர்கள். அதே பயணத்தில் ஒரு மணி நேரத்தை, முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற்று, ஒரு ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அங்கே உள்ளவர்கள் மகிழ்ச்சியோடு வருவார்கள் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆய்வுகூடம் இல்லை, உபகரணம் இல்லை என்ற பதில் எனக்குப் புதிதல்ல. நான் முதன்முதலாக ஒரு அளவியைக் கையில் பிடித்தது உயர்தரத்துக்குக் கண்டி போன பிறகுதான். பக்கத்து மேசைப் பிள்ளைகள் அதைத் திறந்து மூடிய வேகத்தைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. ஆனாலும் உங்கள் வகுப்பறையில் குரோவ் செய்ததைச் செய்ய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. இரண்டு பென்சில்களை இருமுனையும் சீவிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி கரையுங்கள். கறியுப்பு போட வேண்டாம், குளோரின் வாயு வரும். பென்சில் முனைகளைத் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, மேல்முனைகளை 9 வோல்ற்று மின்கலத்தோடு கம்பியால் தொடுங்கள். இரண்டு முனையிலும் குமிழி வரும், ஒன்றில் ஐதரசன், மற்றதில் ஒட்சிசன். சில நிமிடம் விட்டு மின்கலத்தைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு பல்மானியைத் தொடுங்கள். மின்கலமே இல்லாத குவளையில் முள் ஒரு வோல்ற்று அளவுக்கு எழும்பி, பிறகு மெல்ல மெல்ல இறங்கும். காரீயத்தில் ஒட்டியிருந்த வாயுக்கள் திரும்பத் தண்ணீராகும்போது வரும் மின்சாரம் அது. ஏன் இறங்குகிறது, எதைப் பூசினால் இறங்காமல் இருக்கும் என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தப் பிள்ளை கேட்டது ஸ்ரீநிவாசன் வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்வி. அந்தப் பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. என்னைக் கண்டிக்கு அனுப்ப அப்பா சம்மதிக்க நாளாயிற்று. விடுதி எப்படிப்பட்டது, யார் பொறுப்பு, சனிக்கிழமை யார் கூட்டிவருவது என்றெல்லாம் அவருக்குக் கேள்விகள். அவற்றுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு ஆசிரியை லயத்துக்கு வந்து, வாசலில் பலகையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். விடுதிப் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணை அப்பாவின் கையில் எழுதிக் கொடுத்தார். அவர் செய்தது அவ்வளவுதான். அவர் வராமல் இருந்திருந்தால் நான் இன்று இந்த மடலை எழுதமாட்டேன். பெற்றோர் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. விவரம் தெரியாத இடத்துக்கு மகளை அனுப்ப எந்த அப்பாதான் ஒத்துக்கொள்வார்? விவரத்தை நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் பாதிப் பிடிவாதம் அங்கேயே கரைந்துவிடும்.

பல்கலைக்கழகத்துக்குப் போனதும் விஞ்ஞானம் முழுவதும் ஆங்கிலத்தில் என்பதையும் இப்போதே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். பயமுறுத்துவதற்காக அல்ல, தயாராவதற்காக. முதல் வருடத்தில் விரிவுரை முடிந்ததும் தமிழ்ப் பாடநூலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பக்கமாக ஒப்பிட்டுப் படித்தோம். தமிழில் நன்றாக விளங்கியவர்கள் ஒரு வருடத்தில் சமாளித்துவிட்டார்கள். தமிழிலும் மனனம் செய்தவர்கள்தான் தவித்தார்கள். ஆகவே குறிப்பு எழுதிப்போட்டு மனனம் செய்யச் சொல்லாதீர்கள். ஏன், எப்படி என்று விளங்கும்வரை சொல்லிக்கொடுங்கள். ஆங்கிலத்தைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த சாதாரண தரப் பெறுபேறு வந்ததும், விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் ஏ அல்லது பி எடுத்த ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும், எந்தப் பிரிவு என்று முடிவெடுப்பதற்கு முன், உங்களில் ஒருவர் நேரில் போங்கள். கண்டி, மாத்தளை மாவட்டங்களில் தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் உள்ள பாடசாலைகள் எவை, விடுதி எங்கே, செலவு எவ்வளவு, விண்ணப்ப முடிவுத் திகதி எது என்று ஒரே தாளில் எழுதி இப்போதே தயாராக வைத்திருங்கள். பன்விலக் கோட்டத்துப் பாடசாலைகள் எல்லாம் சேர்ந்து அந்தத் தாளைத் தயாரித்தால் ஒருவர் தலையில் மட்டும் சுமை விழாது. அதோடு, இந்தப் பிரதேசத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் போதிய ஆசிரியர்களும் ஆய்வுகூடமும் உள்ள விஞ்ஞானப் பிரிவு நடந்துபோகும் தூரத்தில் வேண்டும் என்று எல்லா அதிபர்களும் கையொப்பமிட்டு மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு ஒரே மனுவாகக் கொடுங்கள். தனித்தனியாகக் கேட்டதால்தான் இதுவரை பதில் வரவில்லை. பழைய மாணவர்களான நாங்கள் ஒவ்வொருவராகத் தேடி எங்கள் கையொப்பத்தையும் சேர்க்கிறோம். இணையவழியில் உயர்தர இரசாயன வகுப்பெடுக்க நானும் என்னைப் போன்ற சிலரும் தயாராக இருக்கிறோம். ஒரு அறையும், இணைய இணைப்பும், பக்கத்தில் உட்கார ஒரு ஆசிரியரும் இருந்தால் போதும்.

பிள்ளை தானே விரும்பி வேறு பிரிவைத் தேர்ந்தால் வாழ்த்தி அனுப்புங்கள். ஆனால் விஞ்ஞானம் படிக்க ஆசைப்படும் ஒரு பிள்ளையிடமாவது, இந்த முறை, "உனக்கு எதுக்கு" என்று கேட்காதீர்கள். "எங்கே படிக்கலாம், வா பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.


பன்விலத் தோட்டப் பாடசாலையொன்றின் பழைய மாணவி